அன்றைக்கு வேன் ஓட்டியவர்

மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கேப்டனுக்கு எழுபது வயது நிறைகிறது. பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து விருதுநகரில் மண்டபம் பிடித்து விழா எடுக்கிறார்கள், வழவழப்பான தாளில் மலரும் போடுகிறார்கள். போடுகிறவன் எங்களோடு விமானப் பயிற்சிக்கு வந்தவன்தான். இப்போது சிவகாசியில் சொந்த அச்சகம் வைத்துக் காலண்டரும் டைரியும் அடிக்கிறான். போனில் கூப்பிட்டு, "நம்ம செட்டுல நீங்க ஒருத்தர்தான் இன்னும் பறக்கீக. உங்க பக்கம் இல்லாம மலர் எப்பிடி? அவரு எம்புட்டு நல்ல மனுஷன்னு நாலு வரி எழுதுங்க, போதும்" என்றான்.

நல்ல மனுஷன். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு வரியில் அடங்காது என்பதால் முழுசாகவே எழுதுகிறேன். அவன் இதை அச்சில் ஏற்ற மாட்டான் என்று தெரியும், ஏற்றாவிட்டால் போகட்டும். கேப்டனின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது மலரின் அட்டையில் தங்க எழுத்தில் வரும், அதுவே தாராளம்.

சாத்தூருக்குத் தெற்கே கரிசல்காட்டில் அப்போது ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. பருத்திக்கும் உளுந்துக்கும் நடுவே ஓர் ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு குட்டி விமானங்கள். கேப்டன்தான் தலைமைப் பயிற்சியாளர். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, சட்டைப் பையில் பேனா. விமானத்தின் ரேடியோவில் ஆங்கிலம் அளந்து அளந்து வரும். இறங்கிக் கதவைத் திறந்ததும், "ஏலே, டீக்கடைக்காரன்ட்ட வடை சொல்லிட்டியா, இல்லையா?" என்பார். யாருக்காவது முகம் வாடியிருந்தால் சீட்டுக்கு அடியிலிருந்து சேவுப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்.

பறக்கச் சொல்லிக் கொடுப்பதில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். முதல் முறை ஆனைக்குட்டம் அணைக்கு மேலே கூட்டிப்போய், "கீழ தண்ணியைப் பாரு தாயி. அலை எந்தப் பக்கம் ஒதுங்குதோ அந்தப் பக்கம் காத்து போகுது. மீட்டரு பொய் சொல்லும், தண்ணி பொய் சொல்லாது" என்றார். இன்றைக்கு நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. அவ்வளவுதான் அவரிடம் இருந்த கோளாறு. கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஒரே முகூர்த்தத்தில் ஐந்து கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லியிருப்பார். ஐந்தாவது மண்டபத்துக்கு அவர் போய்ச் சேரும்போது பந்தல்காரர் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருப்பார். ஒரே விமானத்தை ஒரே காலைப்பொழுதுக்கு இரண்டு பேருக்குத் தருவதாகச் சொல்வார். இரண்டு பேரும் வந்து நின்றதும் கொட்டகைக்குப் பின்னால் போய் எதையாவது திருகிக்கொண்டு நிற்பார். நாங்களே சண்டை போட்டு முடித்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவார். நானும் சிரித்திருக்கிறேன். மொட்டைத்தலை வாட்ச்மேனிலிருந்து பள்ளியின் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் செல்லப்பிள்ளை.

லாக் புக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் தேதி, எந்த விமானம், எங்கிருந்து எங்கே, கூட இருந்த பயிற்சியாளர் யார், எவ்வளவு நேரம் என்று மாணவன் அதில் ஒரு வரி எழுத வேண்டும். இருநூறு மணி சேர்ந்தால்தான் பறப்பதைத் தொழிலாகச் செய்வதற்கு உரிமம் கேட்கலாம். எழுதுவது மாணவன் வேலை. எழுதியது உண்மை என்று சொல்வது தலைமைப் பயிற்சியாளர் வேலை. விமானத்துக்கென்று தனியாக ஒரு புத்தகம் உண்டு, பெட்ரோலுக்கு ஒரு கணக்கு உண்டு. அவற்றைப் பக்கத்தில் வைத்து, வரிவரியாக ஒத்துப்பார்த்து, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு எந்த ஊர் விமானக் கம்பெனியும் அந்த மணிகளை நம்பும். பிள்ளைகுட்டிகளோடு ஜனங்கள் ஏறி உட்காரும் விமானத்தின் முன்சீட்டுக்கு ஒருவனை அனுப்புவது அந்தக் கையெழுத்துதான்.

கேப்டன் அந்த வேலையை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் போனைக் காதுக்குக் கொடுத்து, இன்னொரு கையால் கையெழுத்தைப் போட்டுத் தள்ளிக்கொண்டே இருப்பார். தேதியைப் பார்க்க மாட்டார், மணியைப் பார்க்க மாட்டார். பக்கம் முடிகிற இடம் மட்டும் அவர் பேனாவுக்குத் தெரியும்.

எங்கள் செட்டில் பாதிப் பேர் சிவகாசிப் பையன்கள், பட்டாசு வியாபாரமும் அச்சகமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஆடி முடிந்ததும் ஒவ்வொருவனாகக் காணாமல் போவான். தீபாவளி சீசன். லோடு ஏற்ற வேண்டும், வெளியூர் ஆர்டரைப் பார்க்க வேண்டும், கடையில் உட்கார வேண்டும். அப்பாமார் விட மாட்டார்கள். தீபாவளி கழிந்ததும் ஸ்வீட் பெட்டியோடு வந்து நின்று தலையைச் சொறிவார்கள்.

"மணி கொறையுது சார்."

"எழுதிக்கிடு லே. நான் போட்டுத்தாரேன். பெறகு மெதுவாப் பறந்து சரிபண்ணிக்கிடலாம். வானம் எங்கயும் போயிராது."

அந்தப் பிறகு ஒருநாளும் வரவில்லை. பையன்கள் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் லீவு விட்டு, விட்டுப்போன நாட்களை எல்லாம் வரிவரியாக நிரப்புவார்கள். ஆபீசில் ஓர் எழுத்தர் இருந்தார். சீசன் முடிகிற வரைக்கும் விமானத்தின் புத்தகத்தைப் பென்சிலில்தான் எழுதி வைத்திருப்பார். பையன்கள் எழுதி முடித்த பிறகு அதற்குத் தக்கபடி மையில் ஏற்றிவிடுவார். மழைக்கு முன்னால் கூரை வேய்கிற மாதிரி அது அங்கே வருஷா வருஷம் நடக்கிற வேலை. யாரும் ஒளித்துக்கூடச் செய்யவில்லை.

நான் கேட்டேன். "சார், பறந்தவளுக்கும் பறக்காதவனுக்கும் ஒரே கையெழுத்தா?"

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே கிடையாது. "உனக்கு என்ன தாயி கொறைஞ்சு போச்சு? உன் மணி உங்கிட்ட இருக்கு. அவனுகளும் நம்ம பிள்ளைகதான?"

"எம் புஸ்தகத்தையாவது வாசிச்சிட்டுப் போடுங்க சார்."

"உன் புஸ்தகத்தை எதுக்குத் தாயி வாசிக்கணும்? உன்னைய எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, வாசிக்காமலே போட்டுக் கொடுத்தார். அவர்களுடையதை இரக்கத்தால் வாசிக்கவில்லை, என்னுடையதை நம்பிக்கையால் வாசிக்கவில்லை. தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். சீசன் உச்சத்தில் இருந்தது. காலையில் நான் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேற்கே சத்தம் கேட்டது. சிவகாசிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியபோது வானத்தில் வெள்ளைப் புகை குடைபோல் எழும்பியிருந்தது. கேப்டன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளி வேனை நோக்கி ஓடினார். "ஏறு தாயி. கை வேணும்."

பட்டாசு ஆலைக்குப் போகிற மண்பாதையில் ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தன. அவர் உழுத காட்டுக்குள்ளேயே வேனை இறக்கிவிட்டார். உள்ளே போனால் பெண்கள். காலையில் கம்பெனி வேனில் தூக்குச்சட்டியோடு வந்திறங்கியவர்கள். கையெல்லாம் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம், அதற்கு மேல் தீ. அவர் ஒவ்வொருவரையும் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்து வைத்தார். ஒரு பெண்ணின் மேல் விழுந்து கிடந்த தகரத்தை வெறுங்கையால் நிமிர்த்தினார். இடது உள்ளங்கை வெந்து போனது. அந்தக் கையோடு விருதுநகருக்கு ஓட்டினார், திரும்பப் போனார், மறுபடி ஓட்டினார்.

அவர் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் என் அம்மா நர்ஸ். அன்றைக்கு அவள் வார்டு முழுக்கத் தீக்காயம். பொழுது சாயும் மட்டும் அவர் அங்கேதான் நின்றார். தண்ணீர் கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், ஊரும் பேரும் கேட்டுச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டார். அம்மாதான் அவர் கையைக் கழுவிக் கட்டுப் போட்டாள். "வலிக்கும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் கழுவினாள். என் அம்மா ஊசி போடும்போதுகூட வலிக்காது என்று யாருக்கும் சொன்னதில்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. அதனாலேயே வார்டில் அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா சொன்னாள்: "அந்த மனுஷனுக்காக இன்னைக்கு ஜெபம் பண்ணணும்." பண்ணினோம். நானும் மனசாரத்தான் பண்ணினேன்.

அடுத்த வருஷம் எங்கள் செட்டில் ஒருவன் சென்னையில் ஒரு சோதனைப் பறப்புக்குப் போனான். லாக் புக் நிறைய மணி. ஆனால் இறங்கும்போது பக்கவாட்டில் அடித்த காற்றுக்கு விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. சோதிக்க வந்தவர் கடைசி நொடியில் கையில் வாங்கியிருக்காவிட்டால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். அவர் இறங்கியதும் அவனுடைய லாக் புக்கைத்தான் கேட்டாராம். கொஞ்ச நாளில் எங்கள் கொட்டகைக்கு அதிகாரிகள் வந்தார்கள்.

அவர்கள் ஆபீஸ் அறையில் எல்லாப் புத்தகங்களையும் பரப்பி வைத்தார்கள். மாணவர்களின் புத்தகமும் விமானத்தின் புத்தகமும் கச்சிதமாகப் பொருந்தின, எழுத்தர் அப்படி வேலை செய்திருந்தார். பொருந்தாதது பெட்ரோல். அத்தனை மணி பறக்க அந்தப் பெட்ரோல் போதாது. ஆக, சில மணிகள் பொய் என்று தெரிகிறது, எவை என்று தாளிலிருந்து தெரியவில்லை. தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி நேராகவே சொன்னார். எது பறந்தது, எது பறக்காதது என்று கையெழுத்துப் போட்டவர் பிரித்துச் சொல்லட்டும். சொன்னால் உண்மையாகப் பறந்தவர்களின் மணி நிற்கும். பொய் எழுதியவர்கள் மேல் நடவடிக்கை வரும். சொல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் பட்ட அத்தனையும் ரத்து.

என்னுடையது இருநூறைத் தொட்டிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் நான் பறந்தது.

கேப்டன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "எல்லாமே பறந்ததுதான் சார்" என்றார்.

அதிகாரி ஒரு புத்தகத்தை எடுத்தார், இப்போது மலர் போடுகிறவனுடைய புத்தகம். ஒரு தேதியைச் சொல்லி, "காலை முழுக்க ஆனைக்குட்டம் பக்கம் பயிற்சி, கூட இருந்த பயிற்சியாளர் நீங்கள்" என்று வாசித்தார். அது பட்டாசு ஆலை வெடித்த நாள். எங்கள் மாவட்டத்தில் அந்தத் தேதியை யாரும் மறக்க மாட்டார்கள், அந்தத் தேதியில் பல வீடுகளில் இன்றைக்கும் திவசம். காலண்டர் அடிக்கிற வீட்டுப் பையன் ஞாயிறை மட்டும் பார்த்தான், அந்த நாளைப் பார்க்கவில்லை. கேப்டன் எதையுமே பார்க்கவில்லை.

"அன்னைக்கு இவர் வானத்துல இல்ல சார். காயம்பட்டவங்களை வேன்ல ஏத்திக்கிட்டு விருதுநகர் ஆஸ்பத்திரியில இருந்தாரு. நானும் கூட இருந்தேன்" என்றேன்.

"உங்கள் மணியைக் காப்பாற்ற நீங்கள் சொல்வீர்கள். வேறு யாராவது சொல்வார்களா?"

அம்மா என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன். வந்து நின்றாள். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னாள். "இவரு அன்னைக்குப் பொழுது சாயுற மட்டும் என் வார்டுலதான் இருந்தாரு. எத்தனையோ பேரைத் தூக்கிட்டு வந்தாரு. நான்தான் கையில கட்டுப் போட்டேன். இடது உள்ளங்கையில தழும்பு இருக்கும், பாருங்க."

ஒரு 'ஆமா' போதும். அந்த ஒரு நாள் பொய் என்று ஒப்புக்கொண்டால் அந்த நூலைப் பிடித்து மற்றவற்றையும் பிரித்துவிடலாம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கதவுக்கு வெளியே பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கேப்டன் அவர்களைப் பார்த்தார். அதிகாரி கேட்டதும் கையை விரித்துக் காட்டினார். தழும்பு இருந்தது.

"இது விமானத்துச் சைலன்சர் சுட்டது சார்" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "நீங்க ஆளை மாத்திச் சொல்றீக சிஸ்டர். அன்னைக்கு அம்புட்டுக் கூட்டத்துல யாரு யாருன்னு எப்பிடித் தெரியும்? நான் அன்னைக்குப் பறந்தேன்" என்றார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

எல்லாமே ரத்தானது. அவர் கணக்குப்படி அது நியாயம்தான். ஒருவன் மேலும் நடவடிக்கை வரவில்லை, ஒரு பிள்ளை மனமும் நோகவில்லை. பறக்காதவனுக்குப் பறக்காதது போயிற்று, எனக்குப் பறந்தது போயிற்று. சுமையை எல்லோர் தலையிலும் சமமாக வைத்துவிட்டார், நல்ல மனுஷன். என் முதல் தனிப் பறப்பு, ஆனைக்குட்டத்துத் தண்ணீர், மேகம் மூடியபோது நடுங்கிக்கொண்டே இறங்கியது, எதுவுமே இந்த நாட்டின் கணக்கில் நடக்கவில்லை. நான் வேறு மாநிலத்தில் வேறு பள்ளியில் ஒன்றிலிருந்து தொடங்கினேன். அதற்காக அம்மா ஓய்வு பெற்ற பிறகும் தனியார் ஆஸ்பத்திரியில் நின்று வேலை பார்த்தாள். அவள் கால் நரம்பு சுருண்டது அப்போதுதான்.

இன்றைக்கு நானும் மற்றவர்களின் லாக் புக்கில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறேன். வரிவரியாக வாசிக்கிறேன். பெட்ரோல் சீட்டைக் கேட்கிறேன். போன வாரம்கூட ஒரு பெண் அரைமணி நேரத்துக்காக அழுதாள். பறக்காத அரைமணி. மாட்டேன் என்றேன். என்னைப் பிடாரி என்று சொல்வார்கள், சொல்லட்டும். இந்தப் பிள்ளைகள் யாரும் எழுபதாவது வயதில் எனக்கு மண்டபம் பிடிக்க மாட்டார்கள். அவர்கள் கிழவன் கிழவியாகிற வரைக்கும் உயிரோடு பறந்தால் போதும்.

மலர் போடுகிறவனே, உன் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. உனக்கு அப்போது வயது பத்தொன்பது, கேட்டாய், கொடுத்தார். மனசாட்சி இல்லாத ஒருவன் செய்திருந்தால் நான் எப்போதோ காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். வெந்த கையோடு வண்டி ஓட்டியவர் செய்தார் என்பதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. அவர் வாழ்நாளில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அந்த நாளையும் உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரணை முடிந்து நானும் அம்மாவும் வெளியே வந்தபோது உச்சி வெயில். பஸ் நிற்கிற இடத்துக்குக் கரிசல்காட்டு வழியாக வெகுதூரம் நடக்க வேண்டும். கொஞ்ச தூரம் போயிருப்போம், பின்னால் கேப்டனின் கார் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கினார். உள்ளே ஒன்றுமே நடக்காத மாதிரி, எப்போதும் போல முகம் முழுக்க அக்கறை.

"இந்த வெயில்ல எங்க நடந்து போறீக சிஸ்டர்? ஏறுங்க. தாயி, அம்மாவை ஏத்து. விருதுநகர்லயே விட்டுர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து அவரைப் பார்த்தாள். வார்டில் பேசுகிற அதே குரல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அன்னைக்கு ஒருத்தரு வேன் ஓட்டிட்டு வந்தாரு சார். அவரு வந்து கூப்பிட்டா ஏறிக்கிடுவோம். நீங்க போங்க."

கேப்டனின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. இதற்காவது 'இல்லை' என்று சொல்வார், நான்தான் அது என்று சொல்வார் என்று நான் நின்றேன். அவ்வளவு நடந்த பிறகும் அதற்காக நின்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"சரிங்க சிஸ்டர்" என்றார்.